வாராந்திரக் கூட்டமும் பேச்சாளர் தேடும் தலைவலியும்

வாரா வாரம் பேச்சாளரைத் தேடியே அலுத்துவிட்டது, வருபவரும் முக்கால் மணி நேரம் பேசுகிறார், சேவைப் பணிக்கோ அதே ஐந்து பேர்தான் வருகிறார்கள் என்று உங்கள் ரோட்டரி சங்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதே பொறுப்பில் நானும் திண்டாடியவன்தான்.

முதலில், வாரா வாரம் கூடியே ஆகவேண்டும் என்பதில்லை. 2016-லேயே ரோட்டரி அந்த விதியைத் தளர்த்திவிட்டது. மாதம் இரண்டு கூட்டம் போதும். சங்கத்தின் துணைவிதிகளை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

பேச்சாளரை அழைக்கும்போதே ‘20 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்வி’ என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து ‘5 நிமிடம்’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவேன். ஒருமுறை ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலும் அரை மணி நேரம் பேசினார், அது வேறு கதை!

ஆள் கிடைக்காத வாரத்தில் உறுப்பினர் ஒருவரையே தன் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அவருடைய பணியிடத்திலேயே கூடினால் இன்னும் நல்லது. 1905-இல் சிகாகோவில் தொடங்கியவர்கள் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறிக் கூடியதால்தானே ரோட்டரி என்ற பெயரே வந்தது!

அப்புறம் அந்த ஐந்து பேர் விஷயம். ‘தன்னார்வலர்கள் தேவை’ என்று பொதுவாக அறிவித்தால் யாரும் அசைய மாட்டார்கள். ரத்ததானம் பற்றி மருத்துவர் பேசி முடித்த கையோடு, அவர் கிளம்புவதற்குள் முகாமுக்கான பெயர்ப்பட்டியலைச் சுற்றுக்கு விடுங்கள். ‘சனிக்கிழமை 9 முதல் 11 வரை, பதிவு மேசைக்கு இரண்டு பேர்’ என்று அதில் குறிப்பாக எழுதியிருக்கட்டும்.