சுருளும் ஃபிளை லைனுக்காகப் புது லைன் வாங்காதீர்கள்

கேள்வி: தோமான் மீன் பிடிக்க 8ஆம் எடை எண் ஃபிளை லைன் (ஃபிளை எனும் செயற்கைப் பூச்சியை வீசும் கனமான தூண்டில் கயிறு) வைத்திருக்கிறேன். சில மாதம் ரீலிலேயே கிடந்தது. இப்போது வீசினால் சுருள் சுருளாக வந்து ராட் வளையத்தில் சிக்குகிறது. “லைன் செத்துப்போச்சு, 300 ரிங்கிட்டுக்குப் புதுசு தர்றேன்” என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் லைன் சாகவில்லை. உள்ளே நைலான் நரம்பு, மேலே பிளாஸ்டிக் பூச்சு, அவ்வளவுதான் ஃபிளை லைன். ரீலில் இறுக்கமாகச் சுற்றிக் கிடந்தால் அந்த வளைவு அதில் படிந்துவிடும். இழுத்து நீட்டினால் போய்விடும்.

தோட்டத்துத் திடலில் கோல் கம்பம் இருக்குமே, அதில் துணியைச் சுற்றி லைனை மாட்டுங்கள். செம்பனை மரத்தில் மாட்டாதீர்கள், பூச்சு உரிந்துவிடும். நீங்கள் வீசும் தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உருவிக்கொண்டு, மெல்லப் பின்னால் நடந்து இழுங்கள். ரப்பர் போல லேசாக இளகுவது கையில் தெரியும். அந்த இடத்தில் பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக விடுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, விரலில் சுற்றவும் கூடாது. குளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வீசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கண்ணாடி போலத் தெரியும் லைன் என்றால் கதை வேறு. அதற்குள் பின்னிய நரம்பு இல்லை, ஒற்றைத் தங்கூசிதான். சுருள் பிடிவாதமாக நிற்கும். இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் பிடிக்க வேண்டும். காலைக் குளிரில் மறுபடி சுருளும், மறுபடி இழுங்கள். அது அந்த லைனின் குணம், பழுது அல்ல. இதைச் சொல்லாமலே விற்கிறார்கள்.

இழுத்த பிறகும் கயிறு போல முறுக்கிக்கொண்டால் அது சுருள் அல்ல, முறுக்கு. ஃபிளையைக் கழற்றிவிட்டு, சுங்கை பிளஸ் ஆற்று ஓட்டத்தில் லைனைச் சிறிது நேரம் மிதக்க விட்டு, பிறகு ரீலில் சுற்றுங்கள்.

இனி அந்த 300 ரிங்கிட். பெட்டி இல்லாமல் பிளாஸ்டிக் பையில் லைன் விற்பவர்களிடம் ஜாக்கிரதை. குளிர்நாட்டு டிரவுட் மீனுக்குச் செய்த லைனை இங்கே தள்ளிவிடுகிறார்கள். நம் வெயிலில் அது துவண்டு பிசுபிசுக்கும், வளையத்தில் ஓடாது. வெப்ப நாட்டுக்கான லைன் பூச்சு கெட்டியானது, அதனால்தான் குளிர்ந்த நேரத்தில் சுருளுகிறது. உங்கள் லைன் சுருளுவதைக் காட்டியே அந்தத் துவண்ட லைனை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்! பெட்டியில் எடை எண்ணைப் பெரிதாக அச்சிடுகிறவர்களுக்கு, எந்த வெப்பத்துக்கு என்று அதே அளவில் அச்சிட என்ன கேடு? 2024 ஜனவரி முதல் இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு வரி வாங்க அரசாங்கத்துக்குத் தெரிகிறது. பெட்டியில் இந்த ஒரு வாசகத்தைக் கட்டாயமாக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

பூச்சில் வெடிப்பு விழுந்து உள் நரம்பு தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள். அதுவரை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் போடாதீர்கள், அந்தச் சூட்டில் சுருள் இன்னும் இறுகும். கொசு மருந்து பூசிய கையாலும் தொடாதீர்கள், பூச்சை அரித்துவிடும். மாதக்கணக்கில் குளத்துப் பக்கம் போகப் போவதில்லை என்றால் ரீலிலிருந்து கழற்றி, பெரிய வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டுங்கள்.