அந்த எழுத்துகள் நெசவாளர் கையொப்பம் அல்ல

வணக்கம். போலந்தின் கிராக்கோவ் நகரில் உள்ள வாவெல் கோட்டையில், ஒரு சித்திரத் திரையை நீங்கள் எடுத்த படத்தில் ஆட்டுக்கால் மனிதர்கள் பட்டைகளுக்குள் சிக்கி நிற்பதையும், நடுவே 'எஸ் ஏ' என்ற எழுத்துகளையும் பார்த்துவிட்டு, பேய் உருவமா, நெசவாளர் பெயரா என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டும் இல்லை. அந்த எழுத்துகள் போலந்து மன்னர் சிகிஸ்மண்ட் அகஸ்டஸின் பெயர்ச்சின்னம். 1550களில் அவர் பிரஸ்ஸல்ஸில் நெய்யச் சொன்ன சித்திரத் திரைகளில் ஒன்றுதான் உங்கள் படத்தில் இருப்பது. நெசவு அடையாளம் வேண்டுமென்றால் கீழ் ஓரத்தைப் பாருங்கள்: சிவப்புக் கேடயம், இரு பக்கமும் 'பி' என்ற எழுத்து. 1528க்குப் பிறகு பிரஸ்ஸல்ஸ் நெசவுக்கு அதுதான் முத்திரை.

அந்த ஆட்டுக்கால் உருவங்கள் 'குரோடெஸ்க்' எனப்படும் அலங்கார வகை. 1480 வாக்கில் ரோமில், மண்ணுக்குள் புதைந்துகிடந்த ரோமப் பேரரசர் நீரோவின் அரண்மனைக்குள் ஓவியர்கள் இறங்கினார்கள். சுவரெல்லாம் பாதி கொடி, பாதி விலங்கு. அந்த இடம் குகை மாதிரி இருந்ததால், குகையைக் குறிக்கும் 'குரோட்டா' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. உங்கள் படத்தில் இருக்கும் தோல்வார் போன்ற பட்டைகள் மட்டும் ரோமில் கிடையாது. அவை ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) வடிவமைப்பாளர்கள் சேர்த்தவை. எனக்கு மிகப் பிடித்த பகுதியே அதுதான். ஒரு பட்டை எங்கே சுருண்டு, யார் இடுப்பைச் சுற்றி வெளியே வருகிறது என்று படத்தைப் பெரிதாக்கி, விரலால் தொடர்ந்து பாருங்கள்.