10-ஆம் எண் கூண்டும் கிணற்றுத் தண்ணீரும்

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில், 8-ஆம் எண்ணைவிட 10-ஆம் எண்ணுக்கு ஆபத்து அதிகமா?

இல்லை. 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயக் கூண்டுகள். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ. 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். கூண்டு கப்பல்களுக்கானது. வீட்டைக் காலி செய்ய மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள் (தொலைபேசி 1077).

காற்று திடீரென நின்றால் வெளியே போகலாமா?

கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் காற்றில் வேர் ஆடிப்போன மரம் அப்போது சாயும்.

ஊரில் பேரிடர்க் குழு இருக்கிறது, வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

காகிதப் பட்டியல். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின், டெல்டா ஊர்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் கரன்ட் இல்லை; செல்போனும் ஓய்ந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் நோயாளி யார் யார், ஒவ்வொருவரையும் எந்த வண்டியில் யார் கூட்டிப்போவது என்று தெருவாரியாக எழுதுங்கள். பொறுப்புக்குத் தெருவுக்கு இரண்டு பேர். ஒருவர் கடலுக்குப் போயிருக்கலாம். செப்டம்பர் கடைசியில் பட்டியலைத் திருத்துங்கள். மரம் அறுக்கும் மெஷின், மாற்றுச் செயின், பெட்ரோல், அதில் கலக்கும் 2டி ஆயில் நாலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். சாலையில் கிடக்கும் மரத்தை அறுக்காமல் ஆம்புலன்ஸ் வராது.

கிணற்றில் வெள்ளம் புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

முதலில் குப்பை, சகதியை அள்ளுங்கள். சுற்றிலும் நீர் தேங்கி நிற்கும்போது மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்தால் உறை சரியும்; கடலோரமானால் உப்பு நீரும் ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் உள்ள கிணற்றில் சுமார் 12,500 லிட்டர் இருக்கும். அதற்கு 31 கிராம். வாளியில் குழைத்து, முக்கால் வாளி நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். மேல்தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது, தண்ணீர் கடினமாகும்.

ஒரு மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் கருவி) லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் காட்ட வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையில் பெரும்பாலும் காட்டாது: சகதி குளோரினைத் தின்றுவிடும், அல்லது திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் போயிருக்கும். காட்டும்வரை மறுபடி போடுங்கள். கரிப்பு மட்டும் இதனால் போகாது. கரிக்கும் கிணற்றில் குடிநீர் எடுக்காதீர்கள்.