ஈரோட்டில் இரண்டு நாள்: துணிக்கடை தவிர என்ன பார்க்கலாம்?

கேள்வி: தை மாதம் ஈரோட்டில் என் நாத்தனார் மகள் கல்யாணம். முடிந்ததும் இரண்டு நாள் அங்கேயே இருப்போம். கார் இருக்கிறது. கூட வருவது முழங்கால் வலியுள்ள மாமியாரும் ஒன்பதாவது படிக்கும் மகளும். ஈரோட்டில் துணி எடுப்பதைத் தவிர ஒன்றுமில்லை என்கிறார்கள். வரலாற்று இடங்கள் ஏதாவது உண்டா? – கடலூர் வாசகி

பதில்: நிறையவே உண்டு. ஊரைத் தாண்டி நொய்யல் பக்கமும் பவானி பக்கமும் போனால்தான் கண்ணில் படும், அவ்வளவுதான். முதல் நாளை நொய்யல் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். மறுநாள் பவானி.

காலையிலேயே காங்கேயம் சாலையில் அரச்சலூருக்குக் கிளம்பிவிடுங்கள். அங்கே மலையில் ஒரு இயற்கைக் குகைத்தளம். அதில் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு. புலவர் செ. இராசு கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னது. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. முதல் வரி ‘த தை தா தை த’. இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ, எப்படிப் படித்தாலும் அதே அடுக்குதான் வரும். ஆட்டத்துக்கான அல்லது இசைக்கான ஜதி என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த எழுத்துகளை அடுக்கியவர் பெயரையும் பாறை சொல்கிறது: வண்ணக்கன் தேவன் சாத்தன். கி.பி. முதல் நான்கு நூற்றாண்டுகளுக்குள் வெட்டியது. உங்கள் மகள் பரதம் கற்றுக்கொள்கிறாள் என்றால் இதைக் காட்டாமல் ஊர் திரும்பாதீர்கள்.

மலையேறித்தான் பார்க்க முடியும். மாமியாருக்கு அது வேண்டாம். ஊருக்குள் விசாரித்து வழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு மகளோடு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வெட்டு ஆழமில்லாத எழுத்து; செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் எதுவும் தெரியாது, பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்கவோ தண்ணீர் ஊற்றவோ யாரையும் விடாதீர்கள். இத்தனை நூற்றாண்டு தாங்கிய எழுத்து, நம் காலத்தில் அழியக்கூடாது.

அரச்சலூரை ஒட்டித்தான் ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டி வெள்ளையரை எதிர்த்த ஊர். கோட்டையை வெள்ளையர் தரைமட்டமாக்கிவிட்டார்கள்; இன்று இருப்பது மணிமண்டபம். மாமியாரும் சிரமமில்லாமல் வரலாம். சின்னமலையை 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கோட்டையும் ஈரோட்டிலிருந்து தூரமில்லை, ஆனால் மலையேற்றம் அதிகம். இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம் சென்னிமலை வழியாகக் கொடுமணல். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இரும்பு உருக்கிய உலைகள், பச்சைக்கல்லிலும் சூதுபவளத்திலும் மணி செய்த தொழிற்கூடங்கள், பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் இங்கே அகழாய்வில் கிடைத்தன. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அகழ்ந்த குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள். நீங்கள் போகும்போது காட்டில் தெரிவது பெருங்கற்கால ஈமச்சின்னங்களின், அதாவது பழங்காலப் புதைகுழிகளின், கற்கள்தான். கதையை வண்டியிலேயே மகளுக்குச் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டு போனால் அந்தக் கற்களே போதும்.

திரும்பும் வழியில் விஜயமங்கலம், சந்திரபிரபர் சமணக் கோயில். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் சிலையை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை இங்கே நோன்பிருந்து உயிர் துறந்திருக்கிறார். அதைச் சொல்லும் கல்வெட்டு இந்தக் கோயிலில் இருக்கிறது. கொங்கு நாட்டில் சமணம் எவ்வளவு வேரூன்றி இருந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நெருக்கமான சாட்சி இல்லை. கோயில் பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

மறுநாள் பவானி. பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சங்கமேஸ்வரர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். காவிரியும் பவானியும் கலக்கும் இடம் கோயிலை ஒட்டியே இருக்கிறது. வேதநாயகி அம்மனுக்குக் கோவை கலெக்டர் வில்லியம் காரோ 1804-இல் கொடுத்த தந்தக் கட்டிலைப் பற்றிக் கோயிலில் கேளுங்கள். அவர் அம்மனைத் தரிசிக்கச் சுவரில் போட்ட துளைகளையும் காட்டுவார்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் காலிங்கராயன் அணை. 13-ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றின் குறுக்கே கட்டி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டி நொய்யல் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். சுமார் 90 கிலோமீட்டர். பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. நில மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து போனால்தான் தண்ணீர் தானாக ஓடும். வளைவுகளுக்குக் காரணம் அதுதான். இன்றும் அதே வாய்க்காலில்தான் வயல்களுக்குப் பாய்கிறது. மாமியார் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

பிற்பகல் ஈரோட்டுக்குத் திரும்பினால் பெரியார் வாழ்ந்த வீடு, இப்போது பெரியார்–அண்ணா நினைவகம். நேரம் மிச்சமிருந்தால் வ.உ.சி. பூங்காவில் உள்ள அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜமக்காளம் வாங்குவதாக இருந்தால் பவானியிலேயே வாங்கிவிடுங்கள். தறி ஓடும் வீடு ஒன்றைக் கேட்டு, நெய்வதையும் மகளுக்குக் காட்டிவிட்டு வாங்குங்கள்.