யூனிவர்சிட்டியோட ஒட்டாத ஆர்ட் காலேஜ்ல எம்எஃப்ஏ: கேட்டவங்களுக்கெல்லாம் பதில்

அமெரிக்காவுல ஒரு தனி ஆர்ட் காலேஜ்ல பிரின்ட்மேக்கிங்ல, அதாவது அச்சுப் படக் கலைல, எம்எஃப்ஏ (மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், கலைல முதுகலை) முடிச்சிட்டு இப்ப அதே மாதிரி இன்னொரு காலேஜ்ல பாடம் எடுக்குறேன். அப்ளிகேஷன் கடைசி தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரில வருங்கறதால புரட்டாசி பொறந்தாலே கேள்விகள் வர ஆரம்பிச்சிரும். இந்த தடவை வந்ததையெல்லாம் சேத்து ஒரே இடத்துல பதில் சொல்லிடுறேன்.

எழும்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஎஃப்ஏ (கலைல இளங்கலை) முடிச்ச தம்பி: அக்கா, யூனிவர்சிட்டில இருக்குற ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்கும் தனி ஆர்ட் காலேஜுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? டிகிரி ஒன்னுதானே?

டிகிரி ஒன்னுதான் தம்பி. எங்க படிச்சாலும் எம்எஃப்ஏன்னா பொதுவா குறைஞ்சது 60 கிரெடிட், ரெண்டு வருஷம், சில இடத்துல மூணு. ஆனா இடம் வேற. பால்டிமோர்ல மைக்கா (மேரிலேண்ட் இன்ஸ்டிடியூட் காலேஜ் ஆஃப் ஆர்ட்) 1826ல ஆரம்பிச்சது, சிகாகோல ஆர்ட் இன்ஸ்டிடியூட் ஸ்கூல் 1866, பிராவிடன்ஸ்ல ரிஸ்டி (ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன்) 1877, புரூக்ளின்ல பிராட் 1887. இதெல்லாம் எந்த யூனிவர்சிட்டிக்கும் கீழ வராம தன் கால்ல நிக்குற காலேஜ். உள்ள நுழைஞ்சா பாக்குற ஆளெல்லாம் ஏதோ ஒன்னு செஞ்சிட்டு இருப்பாங்க, ஒரு கதவைத் திறந்தா உலை, அடுத்த கதவுக்குப் பின்னால தறி, அதுக்கு மேல அச்சு மெஷின், ராத்திரி பன்னெண்டு மணிக்கும் லைட் எரியும். எல்லாமே கலைக்காக வாங்கிப் போட்டது, வேற டிபார்ட்மென்ட்டுக்கிட்ட போய் கெஞ்ச வேண்டியதில்ல.

ரிஸ்டில நேச்சர் லேப்னு ஒன்னு இருக்கு, 1937ல ஆரம்பிச்சது. டிராயரை இழுத்தா சங்கு, இன்னொன்ன இழுத்தா வண்டு, அலமாரில பறவை எலும்புக்கூடு. கைல எடுத்து மேசைல வச்சு வரையலாம். கூகுள்ல சங்கு படம் பாத்து வரையுறதுக்கும் அந்த சங்கோட வாய் ஓரத்துல விரலை ஓட்டிப் பாத்துட்டு வரையுறதுக்கும் இருக்குற வித்தியாசத்தை எழும்பூர்ல படிச்ச உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

குறையும் சொல்லணும். யூனிவர்சிட்டின்னா மெடிக்கல், இன்ஜினியரிங், ரிசர்ச் கிரான்ட்னு பல பக்கம் பணம் வரும், தனி ஆர்ட் காலேஜ் பெரும்பாலும் பசங்க கட்டுற ஃபீஸ்லயே ஓடுது. நல்லது கெட்டது ரெண்டுமே அங்கருந்துதான் வருது, கீழ வர்ற பதில்கள்ல நான் திரும்பத் திரும்ப இங்கயே வந்து நிப்பேன். இன்னொன்னு, தத்துவமோ பயாலஜியோ கூட படிக்கணும்னா பக்கத்து யூனிவர்சிட்டியோட ஏற்பாடு இருக்கான்னு பாக்கணும். ரிஸ்டி பசங்க பக்கத்துலயே இருக்குற பிரவுன் யூனிவர்சிட்டில போய் கிளாஸ் எடுத்துக்கலாம், எல்லா ஊர்லயும் இந்த வசதி கிடையாது.

கும்பகோணத்துலேருந்து: கிரிட், கிரிட்னு எல்லாரும் பயமுறுத்துறாங்களே, அதுல என்னதான் நடக்கும் அக்கா?

கிரிட்னா கிரிட்டிக், விமர்சன கிளாஸ். நீ செஞ்ச வேலைய மாட்டி வைப்ப, கூடப் படிக்குறவங்களும் ஆசிரியர்களும் வெளிலேருந்து வந்த ஓவியர்களும் சுத்தி நின்னு பேசுவாங்க, அவ்ளோதான். நான் பாத்த ஒன்ன சொல்றேன். கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி ஆள் உயர வுட்கட் (மரத்துல செதுக்கி அச்செடுத்த படம்) ஒன்ன நாலு மூலைலயும் சின்ன காந்தம் வச்சு சுவத்துல நிறுத்தியிருந்தா. கீழ் ஓரத்துல மட்டும் பேப்பர் லேசா சுருண்டு வெளில வந்துச்சு. முதல் பத்து நிமிஷம் செஞ்சவங்க வாயத் திறக்கக் கூடாதுங்கறது அந்த கிளாஸ் வழக்கம். அந்த பத்து நிமிஷமும் எல்லாரும் அந்த சுருட்டல பத்தியே பேசினாங்க, வேணும்னே விட்டதா, கவனிக்காம விட்டதா, அது கீழ விழுற நிழல் படத்தோட சேந்ததா இல்லையான்னு. அவ ரெண்டு மாசமா செதுக்கின உருவத்தைப் பத்தி ஒருத்தர் கூட பேசல. அவளுக்கு கண்ணு கலங்கிருச்சு. ஆனா அடுத்த செமஸ்டர் அவ பிரின்ட் ஒன்னு கூட சுவத்துல இல்ல, எல்லாம் கூரைலேருந்து தொங்குச்சு, நம்ம சுத்தி நடந்து போய் பின்பக்கமும் பாக்கலாம். அவ வேலைல நல்லதுன்னா அதுதான்.

நம்ம ஊர் காலேஜ்ல வாத்தியார் வந்து கோடு தப்பா இருக்குன்னு திருத்திக் காட்டுவார், அது ஒரு வித படிப்பு, அந்தக் கை நமக்கு எப்பவும் உதவும். இங்க யாரும் திருத்த மாட்டாங்க, கேள்விதான் கேப்பாங்க. பதில் சொல்லிப் பழகாதவங்களுக்கு முதல் செமஸ்டர் கஷ்டம். இங்கிலீஷ் குறைச்சல்னு பயப்படாத, சின்ன சின்ன வாக்கியம் போதும், ஆனா ஏன் இந்த மரம், ஏன் இந்த அளவு, ஏன் கறுப்புன்னு உனக்குள்ள பதில் இருக்கணும். சிகாகோல செமஸ்டருக்கு ஒரு வாரம் கிளாஸெல்லாம் நிறுத்திட்டு கிரிட்டுக்குன்னே ஒதுக்குறாங்க. கலிபோர்னியாவுல இருக்குற கால்ஆர்ட்ஸ் காலேஜ்ல மைக்கேல் ஆஷர்ங்கற ஆர்ட்டிஸ்ட் நடத்தின கிளாஸ்ல ஒரே ஒருத்தரோட வேலையப் பத்தி மணிக்கணக்கா, ராத்திரி வரைக்கும் பேசுவாங்கங்கறது அந்த காலேஜ்ல இன்னைக்கும் பேச்சு.

சேலத்துலேருந்து: சீட் கிடைச்சிருச்சு அக்கா, ஸ்காலர்ஷிப் ரொம்ப கம்மி. அப்பா வீட்டை வச்சு லோன் எடுக்கலாம்னு சொல்றார். என்ன பண்ணட்டும்?

வேண்டாம்மா. இத மெதுவா சொல்றேன், கோவிச்சுக்காம கேளு.

இந்த காலேஜ்கள்ல ட்யூஷன் மட்டுமே வருஷத்துக்கு 50,000 டாலர் தாண்டும் பல இடத்துல. அதுக்கு மேல வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ், பேப்பர், மை, மரம், உலோகம்னு சாமான் செலவு. ரெண்டு வருஷத்துக்கு ஒன்னே கால் கோடிக்கு மேல போயிரும். கம்ப்யூட்டர் படிக்க வர்ற பையன் லோன் எடுத்தா வேலைக்குப் போய் அடைப்பான்னு பேங்க்காரன் நம்புறான், நமக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. படிச்சு முடிச்ச முதல் அஞ்சு வருஷம்தான் ஒரு ஆர்ட்டிஸ்ட்டுக்கு ரொம்ப முக்கியம், அந்த நேரத்துல தலைக்கு மேல கடன் இருந்தா ஸ்டூடியோவுக்குப் போக நேரமே இருக்காது. எனக்குத் தெரிஞ்சு நல்ல கை உள்ள ரெண்டு மூணு பேர் வரையுறதையே நிறுத்தினதுக்கு கடன்தான் காரணம், திறமை குறைஞ்சதனால இல்ல.

அப்ப என்ன வழி? முதல்ல, வந்த ஆஃபரை அப்படியே ஒத்துக்காத. அட்மிஷன் ஆபீசுக்கு மரியாதையா ஒரு மெயில் போடு, எனக்கு இங்க வரணும்னு ஆசை, இவ்ளோதான் குடும்பத்தால முடியும், இன்னும் உதவி கூட்ட முடியுமான்னு நேரா கேளு. வேற காலேஜ் அதிகம் குடுத்திருந்தா அந்த லெட்டரையும் இணை. நம்ம ஆளுங்க கேக்க கூச்சப்படுறாங்க, அங்க இது தினமும் நடக்குற விஷயம். வேற யாராவது வேண்டாம்னு சொன்னா அந்தப் பணம் திரும்ப வரும்ங்கறதால பல காலேஜ் பதில் சொல்லக் கடைசி நாளா வைக்குற ஏப்ரல் 15 ஒட்டி ஒருதடவை கேட்டுப் பாக்குறது நல்லது.

ரெண்டாவது, யூனிவர்சிட்டிகளுக்கும் சேத்து அப்ளை பண்ணு. பல அரசு யூனிவர்சிட்டில எம்எஃப்ஏ பசங்களுக்கு பிஎஃப்ஏ கிளாஸ் எடுக்க வச்சு ட்யூஷனைத் தள்ளுபடி பண்ணி மாசச் சம்பளமும் குடுக்குறாங்க. தனி காலேஜ்ல டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை இருக்கும், ஆனா கைச்செலவுக்கு வரும், ஃபீஸ் அடைக்க வராது. ஸ்டூடென்ட் விசாவுல காலேஜ் நடக்கும்போது கேம்பஸுக்குள்ள வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், வெளில செஞ்சு சமாளிச்சிரலாம்னு யாராவது சொன்னா நம்பாத.

ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் ஸ்காலர்ஷிப் பத்தி நிறைய பேர் கேக்குறீங்க. அது கலைல ஆர்ட்ஸ் மேனேஜ்மென்ட், மியூசியம், மரபுப் பாதுகாப்பு பக்கம் உள்ளவங்களுக்கானது, வேலை அனுபவமும் கேப்பாங்க. ஸ்டூடியோ எம்எஃப்ஏவுக்கு அத நம்பி உக்காராதீங்க. ஜே.என்.டாடா எண்டோமென்ட் தர்றது லோன் ஸ்காலர்ஷிப், அதாவது திருப்பிக் கட்டணும், அதையும் தெரிஞ்சே போடுங்க.

எதுவும் அமையலைன்னா இந்த வருஷம் விடு. அடுத்த வருஷம் இன்னும் நல்ல போர்ட்ஃபோலியோவோட போடு. பரோடா, சாந்திநிகேதன் ரெண்டும் நம்ம நாட்டுலயே இருக்கு, அங்க படிச்சவங்க யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல. அப்பாகிட்ட வீட்டை அடமானம் வைக்குற எண்ணத்தை விட்டுடச் சொல்லும்மா.

புதுச்சேரிலேருந்து: போர்ட்ஃபோலியோல என்ன வைக்கணும்? ஹெட் ஸ்டடி, ஃபிகர், லேண்ட்ஸ்கேப் எல்லாம் நல்லா பண்ணுவேன்.

பொதுவா 15லேருந்து 20 படம் கேப்பாங்க, ஆன்லைன்ல ஏத்தணும். ஸ்டடி ரெண்டு மூணு இருக்கட்டும், மிச்சமெல்லாம் கிளாஸ் வேலையா இல்லாம நீயா யோசிச்சு செஞ்சதா இருக்கட்டும். நான் போர்ட்ஃபோலியோ பாக்க உக்காரும்போது தேடுறது ஒரே விஷயம், இந்தப் புள்ள ஒரு எண்ணத்தை விடாம பிடிச்சிட்டுப் போயிருக்கா, இல்லையாங்கறதுதான். இருபது படத்துல இருபது ஸ்டைல் இருந்தா எல்லாம் தெரியும்னு காட்டுற மாதிரி இருக்கும், யாருன்னு தெரியாது. உன் தெருவுல இருக்குற அயர்ன் வண்டிய எட்டு விதமா பாத்திருந்தா அந்த எட்டையும் வை.

போட்டோ ஒழுங்கா எடு. கண்ணாடி ஃப்ரேமைக் கழட்டு, வெயில் நேரா விழாத திண்ணைலயோ மொட்டை மாடி நிழல்லயோ வச்சு எடு, ட்யூப்லைட்டும் வெளிச்சமும் கலந்தா வெள்ளை மஞ்சளாயிரும். பெரிய வேலைன்னா கிட்டத்துல ஒரு டீடெய்ல் ஷாட். அளவு, மீடியம், வருஷம் கட்டாயம் எழுது. ஸ்டேட்மென்ட்ல சின்ன வயசுலேருந்தே வரைவேன்னு ஆரம்பிக்காத, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்குறாங்க. இப்ப எதைச் செஞ்சிட்டிருக்க, எங்க முட்டி நிக்குற, அதுக்கு ஏன் இந்த காலேஜ், அவ்ளோ போதும்.

கோயம்புத்தூர்லேருந்து: பி.இ. முடிச்சு அஞ்சு வருஷம் ஐடில இருக்கேன். பிஎஃப்ஏ இல்லாம எடுப்பாங்களா?

எடுப்பாங்க, போர்ட்ஃபோலியோ பேசுச்சுன்னா. ரிஸ்டில கிராஃபிக் டிசைனுக்கு வேற துறைலேருந்து வர்றவங்களுக்குன்னே மூணு வருஷ எம்எஃப்ஏ இருக்கு. சிகாகோல போஸ்ட்-பேக்னு எம்எஃப்ஏவுக்கு முன்னாடி செய்யுற சர்டிபிகேட் படிப்பு இருக்கு, ஆனா அதுக்கும் முழு ஃபீஸ்ங்கறத மறந்துராதீங்க.

பெங்களூர்லேருந்து ஒரு தமிழ் நண்பர்: காலேஜே மூடிருச்சுன்னா? சமீபத்துல ரெண்டு மூணு கேள்விப்பட்டேன்.

நியாயமான பயம்ங்க, இத யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். சான் ஃபிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் 1871ல ஆரம்பிச்சது, உள்ள ஒரு சுவர் முழுக்க மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1931ல வரைஞ்ச மியூரல் இருக்கு. 2022ல பட்டம் குடுக்குறதை நிறுத்தி, 2023ல திவாலாச்சு. பிலடெல்பியால யூனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் அதைவிட மோசம், பேருலதான் யூனிவர்சிட்டி, உண்மைல ஆர்ட் காலேஜ்தான். 2024 மே 31ஆம் தேதி மூடுறோம்னு சொன்னாங்க, ஜூன் 7 மூடிட்டாங்க. ஒரே வாரம். பாதிப் படிப்புல இருந்த பசங்க, அதுலயும் விசாவுல வந்தவங்க, எங்க ட்ரான்ஸ்ஃபர் கிடைக்கும்னு அலைஞ்சாங்க.

பழம்பெருமை காலேஜைக் காப்பாத்தாது. பசங்க எண்ணிக்கை குறைஞ்சா ஃபீஸ் குறையும், ஃபீஸ்ல ஓடுற இடத்துக்கு அடுத்த வருஷமே மூச்சு முட்டும். அதனால சேருறதுக்கு முன்னாடி மூணு நாலு விஷயம் பாருங்க. லாப நோக்கமில்லாத காலேஜ்னா வருஷா வருஷம் வரித்துறைக்கு ஃபார்ம் 990 போடணும், அது பொதுவுல கிடைக்கும், தொடர்ந்து பற்றாக்குறையா இருந்தா யோசிங்க. அக்ரெடிட்டேஷன், அதாவது அங்கீகாரம், குடுக்குற அமைப்போட சைட்ல அந்த காலேஜ் பேரைத் தேடி வார்னிங், ப்ரொபேஷன்னு ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க. கட்டடத்தை வித்தாங்களா, டிபார்ட்மென்ட்டை மூடினாங்களா, வாத்தியார்களைக் குறைச்சாங்களான்னு உள்ளூர் செய்தில தேடுங்க. இப்ப அங்க படிக்குற ரெண்டு பசங்ககிட்டயாவது பேசுங்க, காலேஜே ஏற்பாடு பண்ற பசங்ககிட்ட மட்டும் இல்லாம.

மதுரைலேருந்து: கிரான்புரூக்ல கிளாஸே கிடையாதுன்னு சொல்றாங்க, நிஜமா?

நிஜம். மிச்சிகன்ல புளூம்ஃபீல்ட் ஹில்ஸ்ங்கற ஊர்ல இருக்கு, 1932லேருந்து அகாடமியா நடக்குது, பழைய கட்டடங்கள் பெரும்பாலும் எலியல் சாரினென் வடிவமைச்சது. முழுக்க முழுக்க முதுகலை மட்டும்தான். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு ஆர்ட்டிஸ்ட், அவரும் அங்கயே தங்கி தன் வேலைய செய்வார், பசங்களுக்கு ஸ்டூடியோ குடுத்துருவாங்க, டைம்டேபிள் பாடம்னு வழக்கமான அர்த்தத்துல எதுவும் இல்ல. நாற்காலி டிசைனுக்குப் பேர் போன சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ், ஹாரி பெர்டோயா எல்லாம் அங்க இருந்தவங்க. தானா எந்திரிச்சு வேலை பாக்குற ஆளுக்கு சொர்க்கம், யாராவது சொன்னாத்தான் செய்வேன்ங்கறவங்களுக்கு ரெண்டு வருஷம் வீணாகும். அந்த ஒரு ஆர்ட்டிஸ்ட்டோட ஒத்துப் போகலைன்னா வேற ஆளே இல்லங்கறதையும் யோசி, அவரோட வேலையப் பாக்காம அப்ளை பண்ணாத.

திருநெல்வேலிலேருந்து ஒரு அம்மா: என் மக செராமிக்ஸ் படிக்கப் போறேங்கா. படிச்சு என்ன வேலை கிடைக்கும் தாயி?

அம்மா, ஒளிக்காம சொல்றேன். எம்எஃப்ஏங்கறது அமெரிக்காவுல ஸ்டூடியோ கலைக்கு உச்சப் படிப்பு, காலேஜ்ல பாடம் எடுக்க அது போதும். ஆனா நிரந்தர வேலை ரொம்ப கம்மி, செமஸ்டருக்கு செமஸ்டர் கான்ட்ராக்ட்தான் அதிகம். படிச்சு முடிச்சா ஓபிடில (ஸ்டூடென்ட் விசாவுலயே படிச்ச துறைல வேலை பாக்கக் குடுக்குற அனுமதி) 12 மாசம் அங்க தங்கி வேலை பாக்கலாம். கூட 24 மாசம் நீட்டிக்குறது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு) பட்டியல்ல இருக்குற படிப்புக்குத்தான், செராமிக்ஸ், ஓவியம், சிற்பம் அதுல வராது. அனிமேஷன், இன்டராக்டிவ் பக்கம் சிலது வரும், விசாவுக்காக காலேஜ் குடுக்குற ஐ-20 ஃபார்ம்ல இருக்குற படிப்புக் குறியீட்டு எண்ணைப் பாத்தா தெரியும். நம்ம ஊருக்குத் திரும்பி வந்து காலேஜ்ல சேரணும்னா அங்க வாங்கின டிகிரி நம்ம டிகிரிக்குச் சமம்னு சான்றிதழ் வாங்கணும். ஆனா மண்ணைப் புடிச்ச கைம்மா அது, உலை கட்டத் தெரிஞ்சு, கிளேஸ் கலக்கத் தெரிஞ்சு வந்தான்னா சொந்தமா ஸ்டூடியோ போட்டுப் பொழைக்கலாம், அப்படிப் பண்றவங்க இங்கயும் இருக்காங்க. கடன் மட்டும் இல்லாம போகட்டும். அவளை என்கிட்ட பேசச் சொல்லுங்க.

திருச்சிலேருந்து: ரெக்கமண்டேஷன் லெட்டர் கேட்டா எங்க சார் நீயே எழுதிட்டு வா, சைன் போடுறேன்ங்கறார்.

அத மட்டும் பண்ணாத. ஸ்டேட்மென்ட்டும் லெட்டரும் ஒரே நடைல இருந்தா படிக்குறவங்களுக்கு உடனே தெரிஞ்சிரும். சார்கிட்ட உன் வேலைகளைக் கொண்டு போய் காட்டு, எந்தெந்த வருஷம் என்ன செஞ்சன்னு ஒரு பக்கத்துக்கு குறிப்பு எழுதிக் குடு. இங்கிலீஷ்தான் தடைன்னா அவர் தமிழ்லயே எழுதட்டும், மொழிபெயர்ப்போட அனுப்பலாமான்னு அட்மிஷன் ஆபீஸ்ல கேட்டு வச்சுக்கோ. லெட்டரை ஏத்துறதுக்கான லிங்க் அவர் மெயில் ஐடிக்கு நேரா போகும், பல பேருக்கு அது ஸ்பாம்ல போய் விழுது. அதனால லிங்க் அனுப்பின அன்னைக்கே ஒரு போன் போட்டு சொல்லிடு.