அமெரிக்க ராக் பேண்ட் வான் ஹேலன், முதல் சிங்கிளுக்கே (ஆல்பத்துலேருந்து தனியா வெளியிடற பாட்டு) ஏன் அடுத்தவங்க பாட்டை எடுத்தாங்க? சொந்தமா பாட்டே இல்லையா?

இருந்துச்சுங்க, நிறையவே இருந்துச்சு. ஆனா ரெக்கார்ட் கம்பெனிக்காரன் கணக்கு வேற. 1978 ஜனவரில வந்த 'யூ ரியலி காட் மீ' கிங்க்ஸ் பேண்டோட 1964 பாட்டு, அமெரிக்கால எல்லாருக்கும் மனப்பாடம், அதனால ரேடியோல போட்டா யாரும் சேனல் மாத்த மாட்டாங்க. போதாக்குறைக்கு பேண்டோட கிடாரிஸ்ட் எடி வான் ஹேலன் ரிலீசுக்கு முன்னாடியே டேப்பை ஏஞ்சல்னு இன்னொரு பேண்ட் டிரம்மர்கிட்ட பெருமையா போட்டுக் காட்டிட்டாரு, அவங்க அதே பாட்டை ரெக்கார்ட் பண்ணக் கிளம்பிட்டாங்கன்னு தெரிஞ்சதும் கம்பெனி அவசர அவசரமா சிங்கிளை வெளிய விட்டுச்சு. இது எடியே பேட்டில சொன்ன கதை.

என்னைக் கேட்டா அது சரியான முடிவுதான். தெரிஞ்ச பாட்டா இருந்தாதானே இவன் புதுசா என்ன பண்ணிருக்கான்னு புரியும்? ஒரிஜினல்ல கிங்க்ஸ் கிடாரிஸ்ட் டேவ் டேவிஸ் அந்தக் கரகர சவுண்டுக்காக ஆம்ப் (கிடார் சத்தத்தைப் பெருசாக்கற பெட்டி) ஸ்பீக்கரை பிளேடால கிழிச்சு வெச்சாரு. எடி அதே ரிஃபை (பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற கிடார் துண்டு), தானே பார்ட்ஸ் வாங்கி மாட்டுன கிடார்ல, மார்ஷல் ஆம்பை முழுசா ஏத்தி விட்டு வாசிச்சாரு. ஹெட்போன்ல கேளுங்க, கிடார் இடது பக்கம் மட்டும்தான் நிக்கும், வலது பக்கம் வர்றது அதோட எக்கோ. ஒரு ஆள் வாசிச்சு ரூமே நிறைஞ்ச மாதிரி இருக்கும்.

இந்த ரூட்டுல போன முதல் பேண்டும் இவங்க இல்ல. பிரிட்டிஷ் ராக் பேண்ட் டீப் பர்ப்பிளோட முதல் சிங்கிள் 'ஹஷ்' (1968) ஜோ சவுத் எழுதுனது, அமெரிக்கால 4வது இடம் வரைக்கும் போச்சு. இன்னொரு பிரிட்டிஷ் பேண்ட் பிளாக் சப்பாத்தும் க்ரோ பேண்டோட 'ஈவில் உமன்' பாட்டைத்தான் முதல்ல விட்டாங்க, அது ஓடல, சப்பாத் ஆளுங்களுக்கே அது பிடிக்காது (எனக்கும்தான்).

வான் ஹேலனோட 'யூ ரியலி காட் மீ'க்கு அமெரிக்காவோட பில்போர்டு பாட்டு வரிசைல 36வது இடம் கிடைச்சுது, அடுத்து வந்த சொந்தப் பாட்டு 'ரன்னின் வித் த டெவில்' 84ஐத் தாண்டல. இருந்தாலும் முதல் ஹிட்டு சொந்தப் பாட்டு இல்லையேங்கற கடுப்பு எடிக்கு கடைசி வரைக்கும் இருந்துச்சு, அடுத்தவன் பாட்டுல ஜெயிக்கறதுக்கு என் பாட்டுல தோத்தாலும் பரவால்லங்கற ரகம் அவரு. 1984ல சொந்தப் பாட்டு 'ஜம்ப்' நம்பர் ஒன் ஆச்சு, அதுலயும் கூத்து என்னன்னா, உலகமே கிடாருக்காக கொண்டாடுன மனுசன் அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துனது கீபோர்டுல.