இழந்த பணம் இருக்கட்டும், மனைவியின் கணக்கில் வந்த பணத்தைப் பாருங்கள்

கேள்வி: என் 17 வயது மகன், கவுண்டர்-ஸ்ட்ரைக் கணினி விளையாட்டில் ஆயுதங்களுக்குப் புதுத் தோற்றம் தரும் ஸ்கின்கள் அடங்கிய அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பணம் கட்டித் திறக்கவைக்கும் ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் ஐந்து மாதங்களில் 1,86,000 ரூபாயை இழந்துவிட்டான். என் யுபிஐ பின் அவனுக்குத் தெரியும். கடைசியாக விழுந்த கத்தி ஸ்கின்னைக்கூட, சரிபார்ப்புக்கு இன்னும் 15,000 ரூபாய் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். தொடக்கத்தில் ஜெயித்த ஸ்கின்களை விற்றதில் 22,500 ரூபாய் என் மனைவியின் கணக்கில் வந்தது. இதை அறிமுகப்படுத்திய 19 வயதுப் பையன் தன் பரிந்துரைக் கோடு மூலம் கமிஷன் பெற்றிருக்கிறான். அவனுடைய தந்தை 60,000 ரூபாய் தந்து முடித்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓடிபி மோசடி என்று சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் கொடுக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். கொடுக்கலாமா? மகன் மைனர், ஒப்பந்தமே செல்லாது என்பதை வைத்து அந்தத் தளத்தின் மீது வழக்குப் போட முடியுமா? – ஈரோடு வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டப்படி முக்கியமான வரி ஒன்றே ஒன்றுதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் மனைவியின் கணக்கில் வந்த 22,500 ரூபாய்.

முதலில் மற்றவற்றை ஒதுக்கிவிடுகிறேன். தளம் ஏமாற்றியது என்பதை நிரூபிப்பது கடினம். அது ஏமாற்ற வேண்டிய தேவையும் இல்லை. இந்த விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த அசல் பெட்டிகளிலேயே, சீனாவில் வெளியிடப்பட்ட கணக்கின்படி, கத்தி போன்ற அரிய பொருள் விழும் வாய்ப்பு 0.26 சதவீதம், அதாவது ஏறத்தாழ நானூறு பெட்டிக்கு ஒன்று. வெளித்தளங்கள் தங்கள் பெட்டிகளைத் தாங்களே கட்டி, தாங்களே விலை வைக்கின்றன. உள்ளிருப்பவற்றின் சராசரி மதிப்பைவிடப் பெட்டியின் விலை சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும், மீதியை எண்ணிக்கை பார்த்துக்கொள்ளும். முடிவை யாரும் சரிபார்க்கலாம் என்று அவை பெருமையாகக் காட்டும் குறியீட்டு எண்கள், முடிவு பின்னால் மாற்றப்படவில்லை என்பதை மட்டுமே காட்டும். விலை நியாயமானது என்று அல்ல. 15,000 ரூபாய் கேட்பது இரண்டாவது வலை. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

மகன் மைனர் என்பதால் ஒப்பந்தமே செல்லாது என்கிறீர்கள். ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் 1903-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முதல் அதுதான் சட்டம். பந்தய ஒப்பந்தம் என்ற வகையிலும் அது செல்லாது. ஆனால் செல்லாத ஒப்பந்தம் உங்களுக்கு ஒரு வாதத்தைத் தருமே தவிர, இந்தியாவில் முகவரியில்லாத ஒரு நிறுவனத்திடமிருந்து பணத்தைத் தராது. நுகர்வோர் ஆணையத்தில் ஒரு தீர்ப்பே வாங்கினாலும், அதை யார் மீது நிறைவேற்றுவீர்கள்?

இனி அந்த 22,500-க்கு வருகிறேன். ஸ்கின்களை வாங்கியவர்கள் யார் என்று உங்களுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. திருட்டுப் பணத்தை விளையாட்டுப் பொருளாக மாற்றி, பிறகு அதை விற்றுக் காசாக்குவது பழைய வழி. அப்படி மோசடிக் கும்பல்கள் பயன்படுத்துகின்றன என்று சொல்லித்தான் வால்வ் நிறுவனமே 2019 அக்டோபரில் பெட்டிகளைத் திறக்க விற்கும் புதிய சாவிகளைக் கைமாற்ற முடியாதபடி செய்தது. உங்கள் மகனின் ஸ்கின்னுக்கு வந்த தொகை, வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரிடம் திருடப்பட்டதாக இருந்தால், அவர் 1930-இல் கொடுக்கும் புகார் கணக்கு கணக்காக இறங்கி உங்கள் மனைவியின் கணக்கில் வந்து நிற்கும். கணக்கு முடக்கப்படலாம்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. என்னிடம் வந்த ஒரு துணிக்கடைக்காரரின் கணக்கில், அவருடைய மகன் விற்ற ஸ்கின்னுக்காக 8,000 ரூபாய் வந்திருந்தது. அந்த எட்டாயிரத்துக்காக முழுக் கணக்கும் நின்றது, காசோலைகள் திரும்பின, பணியாளர்களுக்குச் சம்பளம் போடக் கடன் வாங்கினார். முடக்கிய காவல் நிலையம் இருந்த மாநிலத்தின் மொழிகூட அவருக்குத் தெரியாது. நீதித்துறை நடுவரிடம் மனுப் போட்டு விடுவிக்கலாம்தான். ஆனால் பயணச் செலவையும் கட்டணத்தையும் கூட்டினால் எட்டாயிரம் எங்கே போனது என்றே தெரியாது. ஆகவே அந்த வரவுகளின் தேதி, அனுப்பியவர் பெயர், எந்த ஸ்கின் யாருக்குக் கைமாறியது என்று வால்வின் ஸ்டீம் தளத்தில் பதிவான வரலாறு, மகன் பேசிய செய்திகள் ஆகியவற்றை இன்றே எடுத்து வையுங்கள். மகனிடம் மீதமுள்ள ஸ்கின்களை யாருக்கும் விற்கவிடாதீர்கள். மனைவியின் கணக்கில் சம்பளமோ நகைக்கடன் தவணையோ இருந்தால், அதை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓடிபி மோசடி என்ற யோசனையைச் சொன்ன நண்பரிடம் இனி ஆலோசனை கேட்காதீர்கள். பின் எண்ணைப் பகிர்ந்த வாடிக்கையாளரின் கவனக்குறைவுக்கு வங்கி பொறுப்பேற்காது. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையே அதைத் தெளிவாகச் சொன்னது. மேலும், மகன் செலுத்தியதை மோசடி என்று எழுதினால் அது பொய்த் தகவல். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு உங்கள் மீது பாயும். உண்மையை எழுதினாலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் விளையாடியவரைத் தண்டிப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம், பணம் வைத்து அதிர்ஷ்ட விளையாட்டு ஆடுபவருக்கே மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரை விதிக்கிறது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 2023 நவம்பரில் நீக்கப்பட்டது ரம்மி, போக்கர் ஆகியவற்றுக்கான தடை மட்டுமே. பெட்டி திறப்பதில் திறமை எங்கே இருக்கிறது? மகன் சிறுவன் என்பதால் அவனை நடத்தும் முறை வேறு. கணக்குக்குச் சொந்தக்காரரான உங்கள் மனைவி சிறுமி அல்ல.

எனவே, மனம் ஒப்பாவிட்டாலும், அந்த 60,000 ரூபாயை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். இந்த விவகாரத்தில் முகவரியுடன் கைக்கு எட்டும் ஒரே மனிதர் அந்தத் தந்தைதான். அவர் மனம் மாறுவதற்குள் முடியுங்கள். கூடுதலாகக் கேட்டு, "தராவிட்டால் போலீசுக்குப் போவேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினால், மிரட்டிப் பணம் பறித்ததாக அவர் உங்கள் மீது புகார் கொடுக்கலாம். புகார் கொடுக்க மாட்டேன் என்பதற்கு விலையாகப் பணம் வாங்கியதாக எழுதினால் அந்த ஒப்பந்தம் செல்லாது. பெற்ற கமிஷனையும் ஏற்பட்ட இழப்பில் ஒரு பங்கையும் திருப்பித் தருவதாக மட்டும் எழுதி, இரு தந்தையரும் கையெழுத்திடுங்கள். பணம் வங்கி வழியாக உங்கள் கணக்குக்கு வரட்டும். மனைவியின் கணக்குக்கு வேண்டாம்.